பரிமளராயரின் மூக்கு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு ராஜாவுக்குத் தான் பூசும் வாசனைத் தைலம் எப்படித் தயாராகிறது என்று பார்க்கத் தோன்றியது. சும்மா இருந்திருக்கலாம். வாசனைச் சாலைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது கூண்டுக்குள் நின்ற புனுகுப் பூனையும், அதன் வாலடியிலிருந்து ஓர் ஆள் வழித்தெடுத்த புனுகும்தான். நாற்றம் குடலைப் புரட்டியது.

“இதையா இத்தனை வருஷமாக மார்பில் பூசினோம்?” என்று ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அரண்மனை விகடகவி சேந்தப்பனும் பின்னாலேயே ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில் திரும்பிப் பார்த்தான். வாசனைச் சாலையின் அதிகாரி பரிமளராயர் மட்டும் கூண்டருகே நின்று சாவகாசமாக மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். அதைச் சேந்தப்பன் மனசில் முடிந்துகொண்டான்.

அன்றே உத்தரவு பிறந்தது: இனி மணக்கிற பொருள் மட்டும்தான். ராயர் மல்லிகை, தாழம்பூ, ரோஜா, சந்தனம் என்று கொட்டிப் புதுத் தைலம் செய்தார். பூசிக்கொண்ட ராஜாவைச் சபையில் ஈக்கள் மொய்த்தன. மூன்றாம் நாள் தலைவலி வந்துவிட்டது.

“அரசே, பாயசத்தில் முங்கி எழுந்தவர் மாதிரி இருக்கிறீர்கள்,” என்றான் சேந்தப்பன்.

அவன்மேல் நெடுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த ராயர் எழுந்தார். “மகாராஜா, குறை சொல்லும் இவனே பழைய மணத்தைக் கொண்டுவரட்டும். ஒவ்வொரு பொருளையும் அடியேன் முகர்வேன். நான் மணம் என்று சொன்னதுதான் கலயத்தில் விழவேண்டும்.”

“அப்படியே ஆகட்டும். முடியாவிட்டால் சேந்தப்பன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டும்,” என்றார் ராஜா. தலைவலிக்காரரிடம் இரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

“வாயைக் கட்டத் தெரியல உமக்கு. இப்ப மூட்டையைக் கட்டணும்,” என்று அழுதாள் அவன் மனைவி செங்கமலம். சேந்தப்பன், “பொறு. ராயர் மூக்கு நம்மைக் காப்பாத்தும்,” என்றான்.

குறித்த நாளில் ராஜா தொலைவில் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்க, சேந்தப்பன் ஏழு கிண்ணங்களை மெல்லிய துணியால் மூடிக் கொண்டுவந்தான். “ராயர் மூக்குக்குக் கண் எதற்கு?” என்றான். சபை ஆமோதித்தது. ராயருக்கு வியர்த்தது.

என்ன செய்வார்? வேலையாட்கள் முகத்தைப் பார்த்தே உத்தியோகத்தை ஓட்டியவர், இப்போது சேந்தப்பன் முகத்தைப் பார்த்தார். அவன் முதல் கிண்ணத்தை முகர்ந்து சிரித்தான். “மணம்,” என்றார் ராயர். மல்லிகை. இரண்டாவதுக்கு அவன் முகத்தைச் சுளித்தான். “நாற்றம், தள்ளு,” என்றார். பெருங்காயம். ராஜாவே கை தட்டினார். ராயருக்குத் தெம்பு வந்தது. சந்தனம், ரோஜா, தாழம்பூ, வெட்டிவேர் எல்லாம் அப்படியே சரியாகச் சொன்னார். அவர் மணம் என்றதெல்லாம் கலயத்தில் விழுந்தது.

ஏழாவது கிண்ணத்தை நீட்டுமுன்பே பக்கத்தில் நின்ற சேவகன் இரண்டடி பின்வாங்கினான். சேந்தப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, சொக்கிப்போனவன் போல நின்றான்.

ராயர் குனிந்து முகர்ந்தார். “தேவலோக மணம். இதற்கு ஈடே கிடையாது.”

அதில் ஒரு கடுகளவு கலயத்தில் விழுந்தது. சேந்தப்பன் கலக்கி ராஜாவிடம் நீட்டினான். ராஜா முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். “இதேதான். திகட்டவில்லை. தலையும் வலிக்கவில்லை. அந்தக் கடைசிக் கிண்ணத்தில் என்ன?”

சேந்தப்பன் துணியை விலக்கிக் கிட்டே கொண்டுபோனான். ராஜா சிம்மாசனத்தோடு சாய்ந்தார். “புனுகு,” என்றார்.

“தங்கள் உத்தரவுப்படி, ராயர் மணம் என்றதை மட்டுமே போட்டேன் அரசே. பூவெல்லாம் ஒரே பக்கம் இழுத்தால் மண்டை வலிக்கும். எதிர்ப்பக்கம் பிடித்து இழுக்க இப்படி ஒன்று கடுகளவு வேண்டும்.”

எல்லோரும் ராயரைப் பார்த்தார்கள். “பொடி போட்டுப் போட்டு... மூக்கு போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு,” என்று முனகினார் அவர்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சேந்தப்பன் கழுத்தில் போட்டார். பிறகு, “இந்த ஆளை நாட்டை விட்டுத் துரத்துங்கள்,” என்றார்.

“வேண்டாம் அரசே. பூனைக் கூண்டைப் பார்த்துக்கொள்ள இந்த மூக்கைவிட நல்ல மூக்கு கிடைக்காது,” என்றான் சேந்தப்பன்.

ராயர் அந்த வேலையில் மூக்கைச் சுளிக்காமல் கடைசிவரை இருந்தார். அவருடைய பொடி நெடி தாங்காமல் பூனைகள்தான் தும்மிக்கொண்டே இருந்தன.