எலுமிச்சம்பழ பிரேக்

மேட்டுப்பாளையம் மில் முதலாளி சென்னியப்பர் தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது எஞ்சின் போட்டுவிட்டு, நாளைக்கே சம்சாரத்தோடு கோத்தகிரி மலை ஏறி இறங்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

“பிரேக்கையும் மாத்திருங்க மொதலாளி. பழசு இந்த வேகத்துக்குத் தாங்காதுங்க,” என்றாள் மில் மெக்கானிக் தெய்வாத்தாள்.

“எலுமிச்சம்பழம் கட்டியிருக்கேன், அது பார்த்துக்கும். அறுபது வேகத்துல வந்தாலும் அறுபதடியில நிக்கும் என் வண்டி! இல்லேன்னு என் வாயாலயே சொல்ல வை. முடியாட்டி நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

தெய்வாத்தாள் மில் மைதானத்தில் ஒரு கோடு கிழித்தாள். அறுபதடி அளந்து இன்னொன்று கிழித்தாள். பம்பரில் தொங்கிய பழத்தை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“நான் அறுபதுல வந்து மொதக் கோட்டுல பிரேக் அடிக்கிறேனுங்க. நீங்க ரெண்டாவது கோட்டைத் தாண்டி நில்லுங்க.”

மில்லே வேடிக்கை பார்க்க, முதலாளி மீசையை முறுக்கிக்கொண்டு போய் நின்றார். தூரத்தில் எஞ்சின் உறுமியது. இரண்டடி பின்வாங்கினார். மறுபடி உறுமியது. இன்னும் பத்தடி. வண்டி கிளம்பவே இல்லை, அதற்குள் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறிவிட்டார்.

தெய்வாத்தாள் தலையை வெளியே நீட்டினாள். “பழம் உங்க கையிலதானுங்களே இருக்கு?”

“மலைக்கு அடுத்த வாரம் போய்க்கலாம்,” என்றார் சென்னியப்பர். “நீ பிரேக்கை மாத்து. அதுக்கு முன்னாடி ஒரு ஏணி கொண்டா.”