நாவற்பழம் தின்னப் போன முள்ளம்பன்றி

ஒரு காட்டில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். அவன் மனைவி வேலாயி அக்கரைக் காட்டில் இருந்தாள். நடுவே ஆறு. பிள்ளைகளே, கதை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவன் பொறுக்க மாட்டாமல் செய்த வேலை.

வேலாயி கோபித்துக்கொண்டு போகவில்லை. இக்கரையில் மழை இல்லை. மண்ணைப் பறித்தால் கிழங்கு வரவில்லை, கல் வந்தது. அக்கரையில் கிழங்கு தோண்ட ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரே ஓர் ஆள். கூரனைவிட வேலாயிக்கு நகம் உறுதி. அவள் போனாள்.

"மூன்று மழைக்காலம் வேலை. நடுவில் திரும்பி வந்தால் மறுபடி உள்ளே விட மாட்டார்களாம். நீங்கள் சீக்கிரம் வந்துவிடுங்கள்" என்றாள் புறப்படும்போது.

"வராமல் எங்கே போகப் போகிறேன்?" என்றான் கூரன்.

அவள் போய் ஒரு மாதம் ஆனது. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்து மீன் பிடிக்கும் நாரை ஒரு சேதி கொண்டுவந்தது.

"உன் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள்."

கூரன் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினான். முள்ளெல்லாம் சலசலத்தது.

"நான் இன்றைக்கே போக வேண்டும். என்ன வழி?"

"மூன்று வழி. வேலைக்கு ஆளாகப் போகலாம். ஆனால் கிழங்கு தோண்ட ஆள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வளை தோண்டப் பெருச்சாளிகள் இருக்கின்றன. உனக்கு வேறென்ன தெரியும்?"

கூரன் யோசித்தான். வேறொன்றும் தெரியாது.

"இரண்டாவது, விருந்தாளியாகப் போகலாம். நாவல் உதிரும் காலத்தில் விடுவார்கள். பழம் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். மூன்றாவது, துணையாகப் போகலாம். அங்கே இருப்பவள் கேட்டு வைக்க வேண்டும். கேட்டு வைத்துவிட்டாள். வரிசை வர இரண்டு மழைக்காலம் ஆகும்."

"இரண்டு மழைக்காலமா! பிள்ளை மூன்று மாதத்தில் பிறந்துவிடுமே!"

"அவளும் அதைத்தான் சொன்னாள். அடுத்த பௌர்ணமி வரை பொறுக்கச் சொன்னாள். சீக்கிரம் விட வழி உண்டா என்று காவல்காரரிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறாளாம்."

நாரை போய்விட்டது. அதற்கு மீன்தான் முக்கியம்.

பௌர்ணமிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கூரன் இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் நரியிடம் போனான்.

நரிக்குக் கூலி வேண்டாம். தன் மூளையைப் பார்த்து யாராவது வாயைப் பிளந்தால் போதும், அதற்கு வயிறு நிறைந்துவிடும்.

"என்ன மாப்பிள்ளை, பெண்டாட்டி நினைப்பில் பாதியாகிவிட்டாயே! இதற்கா இவ்வளவு கவலை? இப்போது நாவற்பழக் காலம். விருந்தாளியாகப் போ."

"பழம் தீர்ந்ததும் திரும்ப வேண்டுமே, நரியண்ணே?"

"திரும்பாதே! உள்ளே போன பிறகு புதருக்குப் புதர் தேடிக்கொண்டா வரப் போகிறார்கள்? ஒன்று மட்டும் கவனம். அங்கே மனைவி இருக்கிறாள் என்று சொன்னால் விட மாட்டார்கள். வந்தவன் திரும்ப மாட்டான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அக்கரையில் எனக்கு யாருமில்லை, பழம் தின்ன வந்தேன் என்று சொல்."

கூரன் தயங்கினான். "வேலாயி இல்லை என்றா?"

"வாயால்தானே சொல்கிறாய்! உன் வாயிலிருந்து வந்ததும் காற்றோடு போய்விடும்."

"அடேயப்பா! எப்படி அண்ணே உனக்கு இதெல்லாம் தோன்றுகிறது?" என்றான் கூரன்.

நரிக்கு அது போதும். வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய மருதமரம் விழுந்து கிடந்தது. அதுதான் பாலம். கீழே முதலைகள். அக்கரை முனையில் காட்டெருமை காவல் நிற்கும். கெட்ட எருமை இல்லை. ஆனால் சட்டத்தைத் தாண்டி ஓர் அடி வைக்காது. அதன் கொம்பில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கும். அந்தக் காட்டில் எழுத்துக் கிடையாது. கிளிதான் ஏடு. பாலத்தில் யார் என்ன சொன்னாலும், எத்தனை நாள் கழித்துக் கேட்டாலும், சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும்.

அன்று பாலத்தில் கூட்டம். குரங்குகள், மர அணில்கள், ஒரு கரடிக் குடும்பம். எல்லாருக்கும் நாவற்பழ ஆசை. கூரனின் முறை வந்தது.

"பெயர்?"

"கூரன்."

"எதற்கு வந்தாய்?"

"பழம் தின்ன."

"இந்தக் காட்டில் உனக்கு யாராவது உண்டா?"

"இல்லை" என்றான் கூரன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அங்கே எதையும் மூன்று முறை கேட்பதுதான் வழக்கம். எருமை மறுபடி கேட்டது.

"யாருமில்லை."

"முள் ஏன் சிலிர்க்கிறது?"

"ஆற்றுக் காற்று, ஐயா."

எருமை மூன்றாம் முறை கேட்டது. பின்னால் கரடி, "சீக்கிரமப்பா, பழமெல்லாம் தீர்ந்துவிடும்!" என்று முதுகில் தள்ளியது. முள் குத்தி அதுவே கத்தியது.

கூரன் உரக்கச் சொன்னான். "இந்தக் காட்டில் எனக்கு யாருமில்லை!"

"போ" என்றது எருமை.

அவன் ஒரு பழத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினான். கிழங்குக் கொல்லையின் ஓரத்தில் ஒரு வளை வாசலில் வேலாயி மண் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்படி விட்டார்கள்?"

"விருந்தாளியாக வந்தேன்."

"மனைவி இங்கே இருக்கிறாள் என்று சொல்லியுமா விட்டார்கள்?"

கூரன் ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வாயில் எதையாவது வைத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது நாள் அவன் அங்கே இருந்தான். அவள் தோண்டினாள், அவன் சுமந்தான். வளைக்குள் காய்ந்த புல்லைக் கொண்டுவந்து பரப்பினான். "இது உங்களுக்கா, பிள்ளைக்கா?" என்று அவள் கேலி செய்தாள். "மூன்று பேருக்கும்தான்" என்றான். இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

பௌர்ணமியன்று வேலாயி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"வரிசை வந்துவிட்டது! வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் கேட்டால் முன்னால் விடுவார்களாம். நமக்குத்தான் தெரியவில்லை. துணையை அழைத்துக்கொண்டு வா என்று காவல்காரர் சொல்லிவிட்டார். வாருங்கள்! இனி நீங்கள் இந்தக் காட்டுக்காரர்!"

கூரன் பரப்பிய புல்லையே மறுபடி கிளறினான். "இப்போதே போக வேண்டுமா? நாளைக்குப் போகலாமே."

"நன்றாயிருக்கிறது! இத்தனை நாள் பறந்தவர் நீங்கள்தானே!" அவள் சிரித்துக்கொண்டே அவனை முன்னால் விட்டு நடந்தாள். போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். புதர் தாண்டியதும் சொல்லலாம், மேடு ஏறியதும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். பாலம் வந்துவிட்டது.

"இதோ, இவர்தான் என் வீட்டுக்காரர்" என்றாள் வேலாயி.

எருமை கூரனை உற்றுப் பார்த்தது. "நீ நாவற்பழத்துக்கு வந்தவன் அல்லவா? கிளியே, இவன் என்ன சொன்னான்?"

கிளி கூரனின் குரலில் சொன்னது. "இல்லை." பிறகு, "யாருமில்லை." பிறகு, உரக்க, "இந்தக் காட்டில் எனக்கு யாருமில்லை!"

"அது பொய், ஐயா. இவள் என் மனைவி" என்றான் கூரன்.

"எது பொய்? அன்று சொன்னதா, இன்று சொல்வதா?"

"அன்று சொன்னது."

"எனக்கு எப்படித் தெரியும்? கிளிக்கு எப்படித் தெரியும்?" எருமையின் குரல் இறங்கியது. "நீ உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், பத்து நாள் பொறு என்று. பாலத்தில் பொய் சொன்னவன் இந்தப் பாலத்தை மறுபடி மிதிக்கக் கூடாது. சட்டத்தை நான் செய்யவில்லை. போய்விடு."

வேலாயி அழவில்லை, கத்தவில்லை. அவனைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மூன்று தடவையுமா சொன்னீர்கள்?"

கூரன் மருதமரத்தில் ஏறி இக்கரைக்கு நடந்தான்.

நரி எதிரே வந்தது. "அட, மாட்டிக்கொண்டாயா? கவலைப்படாதே மாப்பிள்ளை, இன்னொரு வழி..."

கூரன் முதுகைத் திருப்பி முள்ளை விரித்தான். நரி ஓடிவிட்டது. அதற்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

மூன்று மாதம் கழிந்தது. ஒருநாள் நாரை வந்து ஆற்றோரம் இறங்கியது.

"ஆண் குட்டி" என்றது. "பிறந்ததும் பாலத்துக்குக் கொண்டுபோய்ப் பெயர் சொல்ல வேண்டுமல்லவா? போனாள். தகப்பன் யார் என்று எருமை கேட்டது. கூரன் என்றாள். மூன்று தடவையும் அதையே சொன்னாள். பாவம், கூரனுக்கு இங்கே யாருமில்லை என்று கிளி சொல்கிறதே அம்மா, நான் என்ன செய்யட்டும் என்றது எருமை. தகப்பன் பெயர் இல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள்."

கூரன் நாரையின் பக்கத்தில் நகர்ந்து வந்தான். பிறகு கேட்டான்.

"குட்டிக்கு முள் எப்படி இருக்கிறது?"

"மெத்தென்று இருக்கிறது, இளம்புல் போல. தாய் நாக்கால் நக்கிவிடுகிறாள்."

"நீ எப்போது பார்த்தாய்?"

"ஐந்தாறு நாள் ஆகியிருக்கும்."

முள்ளம்பன்றிக் குட்டிக்கு முள் மெத்தென்று இருப்பது ஐந்தாறு நாள்தான். அதற்குள் தொட்டால் உண்டு.

நீதி: யாரைத் தேடிப் போகிறாயோ, அவரையே இல்லை என்று சொல்லி வழி கேட்காதே.