ஐந்து பின், ஒரு பல்

ஆக்னஸ் டீச்சரிடம் தொழில் கற்க வந்த தாமோதரனுக்கு டீச்சரைவிடப் பதினைந்து வயது கூடுதல்.

டீச்சர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் மேசை போட்டிருந்தார். மற்ற கடைக்காரர்கள் கையை விரித்த பிறகு ஜனங்கள் அந்தப் படி ஏறுவார்கள்.

தாமோதரன் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே காலத்தைக் கழித்தவர். அதை மூடிவிட்டார்கள். வந்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்.

"எனக்குப் பார்ட் மாத்தத் தெரியும் டீச்சர். பார்ட் கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னு தெரியாது."

"உட்காருங்க சார்," என்றார் டீச்சர்.

ஒரு திங்கட்கிழமை சபுரா பீவி வந்தார். பேருந்து நிலையத்தில் பழக்கடை வைத்திருப்பவர். அங்கே கடை போடுகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவி. தொண்டையில் புற்றுநோய் கண்டு குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கூட வந்த மருமகள் ஷகிலா ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தாள். டிபன் பாக்ஸ் அளவு இருந்தது. மேலே வரிசை வரிசையாகப் பொத்தான்கள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே மாமியோட குரலை இதுல பதிஞ்சு கொடுத்தாங்க," என்றாள் ஷகிலா. "பொத்தானை அமுக்கினா மாமி பேசுவாங்க. போன வாரம் ஆன் ஆகல. பேட்டரி வயரை லேசா இழுத்துப் பார்த்தேன். கனெக்டர் உடைஞ்சு கையோட வந்துடுச்சு. உள்ளே கருகியிருந்தது."

"கம்பெனியில கேட்டீங்களா?"

"இந்த மாடலையே நிறுத்திட்டாங்களாம். புதுசு வாங்கிக்கச் சொல்றாங்க. அதுக்குள்ள இந்தக் குரலை ஏத்த முடியாதாம். வேற யாரோ ஒரு பொம்பள பேசுவாளாம்."

சபுரா பீவி பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நகராட்சியில் கூட்டம் இருந்தது. பேருந்து நிலையத்துக் கடைகளை ஊருக்கு வெளியே தள்ளுவதாகப் பேச்சு. தலைவிக்குப் பேச்சு வராதே, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். சங்கத்தில் சிலருக்கும் அது சரியென்று பட்டது. சபுரா பீவி சம்மதிக்கவில்லை.

அவர்கள் போனதும் தாமோதரன் கேட்டார்.

"செஞ்சவங்களே கைவிட்ட பொருள் டீச்சர். அதைத் திறக்க நாம யாரு?"

டீச்சர் கருகிய கனெக்டரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்னன்னு கண்டுபிடிங்க."

தாமோதரன் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஊசிபோல ஐந்து பின். பெயர் இல்லை, எண் இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு பல் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பின்னுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்தார். அதே அளவில் ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கி வந்து, பெட்டிக்குள் இருந்த சாக்கெட்டில் பொருத்திப் பார்த்தார். முதல் இரண்டு பின் இறங்கின. கடைசிப் பின் ஏறிக்கொண்டு நின்றது.

"ஒரு இடைவெளியை அளந்தா தப்பு தெரியாது சார். முதல் பின்னிலிருந்து கடைசிப் பின் வரைக்கும் அளந்து, நாலால வகுங்க."

வகுத்தார். வந்த அளவு கடையில் கிடைக்கும் எந்த அளவோடும் சேரவில்லை. இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, இரண்டரைக்குக் கொஞ்சம் குறைய.

பழைய கேட்லாக்குகளைப் புரட்டினார். சென்னையிலும் கோவையிலும் தெரிந்தவர்களுக்குப் படம் அனுப்பினார். டீச்சர் எதிலும் தலையிடவில்லை. கடைசியில் கோவையிலிருந்து ஒரு கனெக்டர் வியாபாரி கூப்பிட்டார்.

தாமோதரன் போனை மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கம்பெனிக்காக மட்டும் செஞ்சதாம் டீச்சர். வெளியே வித்ததே இல்லையாம். அச்சையும் உடைச்சுட்டாங்களாம்."

"அந்தப் பல் வழியா கரன்ட் போகுதா?"

"இல்லை. அது வெறும் பிளாஸ்டிக்."

"பின்னே எதுக்கு இருக்கு?"

தாமோதரன் யோசித்தார். "வேற பேட்டரி எதுவும் உள்ளே நுழையாம இருக்க."

"சேர்க்கிறதுக்கு அஞ்சு பின். தடுக்கிறதுக்கு ஒரு பல். நமக்கு எது வேணும்?"

டீச்சர் ஈயம் பற்ற வைக்கும் சால்டரிங் அயனைச் சூட்டில் போட்டார். தாமோதரன் பதறி எழுந்தார்.

"போர்டுல இருக்கிற சாக்கெட்டையும் எடுக்கப் போறீங்களா?"

"ஆமா."

"கம்பெனி வச்ச மாதிரி இருக்காதே."

"இருக்க வேண்டாம்."

ஆனால் அயனைக் கையில் எடுப்பதற்குமுன் டீச்சர் சபுரா பீவிக்கு ஆள் அனுப்பினார். அவர் கடையை ஷகிலாவிடம் விட்டுவிட்டுப் படியேறி வந்தார்.

"சபுராம்மா, ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். கனெக்டர்ல இருந்து வயரெல்லாம் கழண்டுடுச்சு. எது எங்கே போகணும்னு நாங்களேதான் கண்டுபிடிக்கணும். ஒண்ணு மாறினா போர்டு எரியலாம். எரிஞ்சா உங்க குரலும் போயிடும். செய்யட்டுமா?"

சபுரா பீவி மேசையைப் பார்த்தார். அங்கே கிடந்த திருப்புளியை எடுத்து டீச்சரின் கையில் வைத்து, விரல்களை மூடினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

பேட்டரியிலிருந்து ஐந்து வயர். இரண்டு தடித்தவை. அவற்றில் எது கூட்டல், எது கழித்தல் என்று மீட்டர் சொன்னது. மீதி மூன்றும் ஒரே சாம்பல் நிறம்.

தாமோதரன் மீட்டரை ஒரு சாம்பல் வயரில் வைத்தார். ஏதோ நினைத்துக்கொண்டு, பேட்டரியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் மீட்டரில் எண் மெல்ல இறங்கியது. கையை எடுத்தார். எண் மெல்ல ஏறியது.

"இது சூட்டைப் பார்க்கிற வயர் டீச்சர்."

"மத்த ரெண்டு?"

"பேட்டரியும் மெஷினும் பேசிக்கிறதுக்கு. அது ரெண்டும் இடம் மாறினா எரியாது. ஆன் ஆகாது, அவ்வளவுதான்."

"அப்போ நீங்களே வைங்க."

டீச்சர் அயனை அவரிடம் நீட்டினார். தாமோதரன் அதை வாங்கிப் போர்டின்மேல் குனிந்தார்.

பழைய சாக்கெட் பெயர்ந்து வந்தது. அதன் துளைகளிலிருந்து போகும் செம்புக் கோடுகளைத் தொடர்ந்து பார்த்து, எந்தத் துளை எந்த வயருக்கு என்று தாமோதரன் குறித்துக்கொண்டார்; பேசிக்கிற இரண்டுக்கு மட்டும் ஊகம்தான். பழைய டிவிக்குள்ளும் யுபிஎஸ்ஸுக்குள்ளும் கிடக்கிற, எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற ஐந்து பின் சாக்கெட் ஒன்றையும் அதன் ஜோடிக் கனெக்டரையும் டீச்சர் நீட்டினார். போர்டில் இருந்த துளைகளுக்குச் சாக்கெட் பொருந்தவில்லை. துளைகளிலிருந்து சின்னச் சின்ன வயர் இழுத்து, சாக்கெட்டை ஓரமாகப் பசை போட்டு நிறுத்தினார் தாமோதரன். பார்க்க நன்றாக இல்லை.

பேட்டரியின் ஐந்து வயரையும் கனெக்டரில் பற்ற வைத்துச் செருகினார். பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

தாமோதரன் பேட்டரியைக் கழற்றி, இரண்டு சாம்பல் வயரையும் இடம் மாற்றிப் பற்ற வைத்து, மறுபடி செருகினார். ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

சபுரா பீவி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக் கீழ்வரிசையில் ஒரு பொத்தானை அமுக்கினார்.

"என்னய்யா, சாப்பிட்டியா?" என்றது பெட்டி. கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். சந்தை முழுக்கக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல்.

தாமோதரன் இன்னும் சாப்பிடவில்லை என்றார்.

வியாழக்கிழமை நடந்ததை ஷகிலா வந்து சொன்னாள். அதிகாரிகள் நீளமாகப் பேசினார்களாம். புது இடத்தில் கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்றார்களாம். பஸ் இல்லாத இடத்தில் யார் வந்து வாங்குவார்கள் என்று சங்கத்தில் ஒருவர் கேட்டாராம். கடைசியில் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தைத் தலைவி முன்னால் நகர்த்தினார்களாம். அவர் பெட்டியைக் காகிதத்தின்மேல் வைத்தாராம்.

"'முடியாது'ன்னாங்க மாமி. யோசிச்சுச் சொல்லுங்கம்மான்னு பெரிய ஆபீசர் சொன்னார். வேற பொத்தானை அமுக்கினாங்க. அதுவும் 'முடியாது'தான், கொஞ்சம் பொறுமையா. பதிஞ்சப்போ 'முடியாது'ன்னு மட்டும் பல விதமா சொல்லி வச்சிருக்காங்க. தண்ணி வேணும், வலிக்குதுன்னு பதியச் சொன்ன டாக்டரம்மாவே சிரிச்சாங்களாம்."

தீர்மானம் அன்று நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். கடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இரண்டு நாள் கழித்து ஒருவர் படியேறி வந்தார். பெயர் மாசிலாமணி. அந்தக் கூட்டத்தில் டீ கொண்டுவந்து வைத்த நகராட்சி ஊழியர்.

"எங்க அக்காகிட்டயும் இதே பெட்டிதாங்க. வாதம் வந்து பேச்சுப் போச்சு. அதே இடத்துல உடைஞ்சு பீரோவுல கிடக்கு. அவங்க இருக்கிறது தூத்துக்குடி. அடுத்த மாசம் பஸ்ல கொண்டுவரட்டுங்களா?"

"தூத்துக்குடியில ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிறவங்க யாரும் இல்லையா?"

"நிறைய பேர் இருக்காங்க. அவங்க கம்பெனி பார்ட் இல்லைன்னுட்டாங்க."

டீச்சர் ஒரு காகிதத்தை எடுத்தார். ஐந்து வயரையும் வரைந்தார். எது சூடு பார்ப்பது, எந்த இரண்டு வயர் மட்டும் இடம் மாறினாலும் எரியாது, என்ன சாக்கெட் வாங்க வேண்டும், எல்லாம் எழுதினார். எந்த வயரை எந்தத் துளையில் பற்ற வைப்பது என்பதைத் தாமோதரனிடம் கேட்டு எழுதினார். மாசிலாமணி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தாமோதரனுக்கு மனசு கேட்கவில்லை.

"நாள் கணக்கா மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சது டீச்சர். இப்படிக் கையில எழுதிக் கொடுத்தா, இனி இதுக்குன்னு நம்மகிட்ட யார் வருவாங்க?"

டீச்சர் இன்னொரு காகிதத்தை எடுத்து அதே ஐந்து வயரை வரையத் தொடங்கினார்.

"யாரும் வர வேண்டாம்னுதான் சார் எழுதுறேன்."