கூட்டை இழுத்துப் பார்த்த குருவி

அந்தக் காலத்தில், மனுசர் பேச்சு குருவிக்கும் குருவி பேச்சு மனுசருக்கும் புரிந்துகொண்டிருந்த நாளில், கிணற்றோரப் பனை ஒன்றில் ஒரு தூக்கணாங்குருவிச் சோடி குடியிருந்தது. ஆண்குருவிக்குக் கைவேலை, இல்லை வாய்வேலை என்றுதான் சொல்லணும், அப்படி ஒரு நேர்த்தி. மெல்லிசுப் புல்லாகத் தேடி எடுத்துப் பின்னும். கூடு பட்டுத்துணி போல வழவழவென்று தொங்கும்.

போன ஆடிக்காற்றில் அந்தப் பட்டுக்கூடு அறுந்து, மூன்று முட்டையோடு கிணற்றில் விழுந்துபோனது. பெண்குருவி அழுது ஓய்ந்தது. இந்த வருசம் மறுபடி முட்டையிடும் நாள் நெருங்கியது. ஆண்குருவி மறுபடி மெல்லிசுப் புல்லோடு வந்து நின்றது.

அதே பனையில் தினமும் பதநீர் இறக்க ஏறுகிறவர் சிவனணைந்தான். அன்று காலையில், மரத்தில் கால் வழுக்காமல் பிடிக்கிற புதுத் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏற வந்தார். அவர் மனைவி பூரணம் அதைக் கழற்றி வாங்கி, ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறுமுனையை இழுத்தாள்.

"ஏளா, நார் இழுக்கியா, தேர் இழுக்கியா?" என்று சிரித்தார் அவர்.

நார் பட்டென்று அறுந்தது.

"போச்சு. நேத்து முழுக்க உக்காந்து கட்டுனது."

"அறுறதா இருந்தா என் கையில அறுந்து போட்டும்" என்றாள் பூரணம். "உங்க கால்ல வச்சு அறுந்தா நான் என்ன செய்வேன்?" முற்றின மட்டை நாரில் கட்டிய இன்னொன்றை எடுத்து அதையும் இழுத்தாள். அது அசையவில்லை. "இப்ப ஏறுங்க."

மேலே இருந்த பெண்குருவி இதைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் பாதிக் கூடு முடிந்தது. "எப்படி இருக்கு?" என்றது ஆண்குருவி.

"அழகா இருக்கு. தாங்குமா?"

"பார்த்தாலே தெரியலையா?"

பெண்குருவி உள்ளே போகவில்லை. கூட்டின் முடிச்சை அலகால் கவ்விக்கொண்டு, உடம்பை முழுசாகத் தொங்கவிட்டு ஆடியது. ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம். மூன்றாவதில் முடிச்சு அறுந்து, பாதிக் கூடு கிணற்றுத் தண்ணீரில் மிதந்தது.

ஆண்குருவி கீழே எட்டிப் பார்த்தது. "நாலு நாள் வேலை" என்றது.

"என் வாயில்தானே அறுந்தது" என்றது பெண்குருவி, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து. "முட்டை இன்னும் என் வயிற்றில்தான் இருக்கு."

ஆண்குருவி மிச்சமிருந்த மெல்லிசுப் புல்லைக் கீழே தள்ளியது. பிறகு எழுந்து பறந்துபோய், பனையோலையில் கெட்டியான ஒரு கீற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. "முதல்ல இதை இழுத்துப் பாரு" என்றது.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடுகிறது. பெண்குருவி வந்து இழுத்துப் பார்த்துச் சரி என்றால்தான் மீதிப் பாதி.