திமில் போன காளை

கோயம்புத்தூர் கணபதி பகுதியில் செல்வநாயகியின் குரோம் முலாம் பட்டறைக்குச் சீடராக வந்து சேர்ந்தவருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு.

சீடரின் பெயர் சென்னியப்பன். கல்லூரியில் முப்பத்துநான்கு வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மின்சாரம் பாய்ந்தால் தொட்டிக்குள்ளிருக்கும் நிக்கல் எப்படிப் போய்ப் பித்தளைமேல் படியும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் தன் கையால் ஒரு வீல் கப்பைக்கூடப் பளபளக்க வைத்ததில்லை. முதல் நாளே அதை மறைக்காமல் சொல்லிவிட்டார். மேஸ்திரி செல்வநாயகி சிரித்துக்கொண்டே ஒரு பழைய ஏப்ரனை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து எட்டு மாதம் தினமும் காலை ஒன்பது மணிக்கு வாத்தியார் ஆஜர்.

வந்த காரணம் அவருடைய கார். மாமனார் வாங்கிய பழைய அம்பாசிடர். அதன் பம்பர், கிரில், பக்கவாட்டுப் பட்டை, டிக்கியில் இருக்கும் எழுத்துகள் எல்லாமே குரோம் உரிந்து தேமல் விழுந்தாற்போல் கிடந்தன. மகள் மேகலாவின் கல்யாணத்துக்குப் பெண்ணழைப்பு அந்தக் காரில்தான் என்று சென்னியப்பன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு உருப்படியையும் தானே தேய்த்து, தானே தொட்டியில் இறக்குவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாடகைக் காருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

எல்லாம் முடிந்து, கடைசியாக மிஞ்சியது பானெட் நுனியில் நிற்கும் காளை. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் காளை. மாமனார் சொல்லிச் செய்து வைத்தது. காங்கேயம் காளை என்று பார்த்ததுமே தெரியும். கொம்பைவிட, காலைவிட, அதன் திமில்தான் அழகு.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தேய்த்து முடித்த உருப்படி மேஸ்திரியின் மேசைக்கு வரும். அவர் ஒரு சிட்டிகை பஞ்சைக் கிள்ளி அதன்மேல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாக இழுப்பார். எங்காவது கீறலோ குழியோ இருந்தால் பஞ்சின் ஓர் இழையாவது சிக்கிக்கொள்ளும். சிக்கினால் திரும்பத் தேய்க்க வேண்டும். சிக்காவிட்டால் நிக்கல் தொட்டிக்குப் போகலாம். இதில் வாதம் கிடையாது.

சென்னியப்பனுக்குப் பஞ்சின்மேல் நம்பிக்கை வரவே இல்லை. அவர் சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. பஞ்சு விட்டதையெல்லாம் பூதக்கண்ணாடி பிடித்தது. அதில் பார்த்தால் குறையில்லாத உலோகம் இந்த உலகத்தில் எங்கே இருக்கிறது? மற்றவர்கள் இரண்டு நாளில் முடிக்கிற பட்டையை அவர் இரண்டு வாரம் தேய்த்தார். ஒரு நாள் டீ குடிக்கும்போது மனசு பொறுக்காமல் கேட்டேவிட்டார்.

“போதும்னு உங்களுக்கு எப்படித் தெரியுதுங்க மேஸ்திரி?”

“பஞ்சு சொல்லுமுங்க சார்.”

“பஞ்சுக்கு எப்படித் தெரியும்?”

“அதுக்கு வேற சோலி இல்லீங்களே.”

வாத்தியாருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. இப்படி ஒரு விடையைப் பரீட்சையில் எழுதியிருந்தால் சுழித்திருப்பார். முப்பத்துநான்கு வருடத்தில் அவர் யாருக்கும் முழு மார்க் போட்டதில்லை. சொந்த மகளையும் விடவில்லை. பிளஸ் டூவில் மேகலா வேதியியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கி, மார்க் ஷீட்டோடு ஓடிவந்து நின்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, மீதி இரண்டு எங்கே என்பதுதான். பெண்ணின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு வருடமாகியும் அந்த முகம் அவரை விடவில்லை. வாய்விட்டு மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர், காரைத் தேய்க்க வந்துவிட்டார். இந்தக் காரிலாவது யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு.

கல்யாணத்துக்கு முந்தின திங்கட்கிழமை காளை மேஸ்திரியின் மேசைக்குப் போனது. பஞ்சு கொம்பில் ஏறி, திமிலில் இறங்கி, வால்வரை வழுக்கிக்கொண்டு போனது. எங்கும் சிக்கவில்லை. மத்தியானம் நிக்கலில் இறக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி சாமான் வாங்கக் கிளம்பினார். துணிச் சக்கரத்தில் பஃபிங் மெருகு போடும் ஹக்கீம் சாப்பிடப் போனார்.

பட்டறையில் சென்னியப்பனும் காளையும் பூதக்கண்ணாடியும் மட்டும் இருந்தார்கள்.

திமிலின் அடியில் ஒரே ஒரு கோடு. முடியில் பாதி தடிமன்கூட இருக்காது. துணிச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. துருப்பிடித்த பம்பர்களுக்கென்று ஹக்கீம் வைத்திருந்த சொரசொரப்பான எமரி சக்கரத்தை ஓடவிட்டு லேசாகக் காட்டினார். கோடு போய்விட்டது. ஆனால் அந்த இடம் சற்றுப் பள்ளமாகி, அதன் பக்கம் மேடாகத் தெரிந்தது. மேட்டைச் சரிசெய்தார். இப்போது இடப்பக்கம் பெருத்துத் தெரிந்தது. இடப்பக்கத்தைச் சரிசெய்தார். இப்படிச் சரிசெய்துகொண்டே போய், கடைசியில் காளையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது அதன் முதுகில் ஒரு கோடு இல்லை, ஒரு மேடு இல்லை. திமிலும் இல்லை.

ஹக்கீம் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். காளையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“கழுதை ரொம்ப லட்சணமா இருக்குதுங்க சார்.”

மேஸ்திரி வந்தார். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சென்னியப்பன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வியாழக்கிழமை பொண்ணழைப்புங்க. என் புள்ள எதுல போவா?”

மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். சாரையும் ஏறச் சொன்னார்.

போனது கோவில்பாளையம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு. தோட்டக்காரர் நாச்சிமுத்து மேஸ்திரிக்குத் தெரிந்தவர். அவருடைய தண்ணீர்த் தொட்டியருகே ஒரு காங்கேயம் காளை கட்டியிருந்தது. நிஜக் காளை. அது நின்ற நிலையில் அந்தத் தோட்டமே அதற்குச் சொந்தம் என்று தோன்றியது. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேஸ்திரி ஒதுங்கிக்கொண்டார்.

சென்னியப்பன் விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு காளையை மூன்று தடவை சுற்றி வந்தார். பழக்க தோஷம் சும்மா இருக்குமா?

“வலது கொம்பு ஒரு விரற்கடை கட்டையா இருக்குதுங்க. திமிலும் இடப்பக்கம் சாஞ்சிருக்குது.”

நாச்சிமுத்து வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

“அதை அதுகிட்டயே சொல்லிப்போடுங்க.”

காளை தலையைத் திருப்பி வாத்தியாரைப் பார்த்தது. வாத்தியார் இரண்டு அடி பின்னால் போனார். அது திரும்பிய வேகத்தில் திமில் குலுங்கி, இப்போது வலப்பக்கம் சாய்ந்தது. பிறகு அது தன் பாட்டுக்குக் குனிந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. திமில் மறுபடி இடப்பக்கம் வந்தது. சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்திலிருந்து பரீட்சை ஹால் காணாமல் போயிருந்தது.

“போலாமுங்களா சார்?”

“இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறனுங்க.”

திரும்பி வரும் வழியில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி, யாரிடமும் சொல்லாத அந்த இரண்டு மார்க் கதையை மேஸ்திரியின் முதுகிடம் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிராதது அவருக்கு வசதியாக இருந்தது. சரவணம்பட்டி வந்ததும் மேஸ்திரி ஒரு பேக்கரியில் நிறுத்தி, இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னார்.

அன்று சாயங்காலமே காளையின் முதுகில் பித்தளைக் கம்பியை உருக்கி ஒரு கட்டி வைத்துக் கொடுத்தார். சக்கரத்தின் பக்கம் போகக் கூடாது, கை அரம் மட்டும்தான் என்றார். அந்தக் கட்டியைத் திமிலாக்குவது சீடரின் பாடு.

செவ்வாய் முழுக்க சென்னியப்பன் அரம் போட்டார். பூதக்கண்ணாடி பையில்தான் இருந்தது. கை இரண்டு தடவை அங்கே போய், வெறுங்கையாகத் திரும்பியதை ஹக்கீம் பார்த்தார். பார்த்ததைப் பெருந்தன்மையாக யாரிடமும் சொல்லவில்லை. கட்டி மெல்ல மெல்லத் திரண்டு திமிலானது. முன்பிருந்த திமில் இல்லை. சற்றே இடப்பக்கம் சாய்ந்த, தண்ணீர் குடிக்கக் குனியும் காளையின் திமில்.

புதன்கிழமை மெருகேற்றி முடித்ததும் சென்னியப்பன் காளையை மேஸ்திரியின் மேசைக்கு எடுத்துப் போனார். மேஸ்திரி பஞ்சு டப்பாவை அவர் பக்கம் தள்ளினார். சென்னியப்பன் ஒரு சிட்டிகை கிள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, கொம்பிலிருந்து வால்வரை இழுத்தார். கண்ணைத் திறந்து பஞ்சைப் பார்த்தார். பிறகு காளையைக் கொண்டுபோய் நிக்கலில் இறக்கினார். அதன்பின் குரோம். எட்டு மாதக் கனவு, சில நிமிடங்களில் தொட்டியிலிருந்து பளீரென்று எழுந்து வந்தது.

வியாழன் காலை, அப்பா போனை எடுக்கவில்லை என்று மேகலாவே பட்டறைக்கு வந்துவிட்டாள். இரண்டு கையிலும் மருதாணி. வெளியே அம்பாசிடர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. பானெட் நுனியில் காளையை முடுக்கிக்கொண்டிருந்த சென்னியப்பன், மகளைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டார். பரீட்சை முடிவுக்குக் காத்து நிற்பது எப்படியிருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேகலா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பம்பரில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். காளையின் முன் குனிந்தாள். மருதாணி விரலால் திமிலைத் தடவினாள்.

“இது யாருப்பா பண்ணுனது?”

“நான்தான் கண்ணு.”

“திமிலு சாஞ்சிருக்குது.”

“ஆமா.”

அவள் நிமிர்ந்தாள். அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் கறுத்து, அரம் பட்ட இடத்தில் இரண்டு பிளாஸ்திரி. அவள் உதடு லேசாகத் துடித்தது. ஆனால் கண்ணில் குறும்புதான் முந்திக்கொண்டு வந்தது.

“இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டுப்பா.”

ஹக்கீம் ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தை நிறுத்தினார். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

“மீதி ரெண்டு எங்கேன்னு கேக்கலீங்களா சார்?”

சென்னியப்பன் காரின் கதவைத் திறந்து, மகள் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.