முதல் மார்ஷலின் மரியாதை

பூவாளிக்கோட்டை ராஜா விசயரங்கரின் பட்டாளத்தைப் பழக்க வந்தவர் ஹார்க்கர் துரை. வந்த ஆறாம் மாதமே, "என்னை இனிமேல் கேப்டன் என்று கூப்பிடக் கூடாது, மார்ஷல் என்றுதான் கூப்பிட வேண்டும்" என்று அடம்பிடித்தார். ராஜாவும் சரியென்று சொல்லித் தொலைத்தார். கோட்டையே சலாம் போட்டது, பீரங்கிக்காரன் ஸ்டாவ்ரோவைத் தவிர. அவன் கிரேக்கன். கப்பல் உடைந்து கரையேறி, இங்கேயே பெண் கட்டிக்கொண்டவன்.

"அர்த்தம் தெரியாத வார்த்தைக்குச் சலாம் வைக்க மாட்டேன், மகாராஜா!" என்றான்.

துரைக்கு மூக்குக்கு மேல் கோபம். "நாளைக்குள் சலாம் விழ வேண்டும். இல்லாவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு இவனை விரட்டுங்கள். முடியாதென்றால் நான் போகிறேன்!"

துரை போனால் பட்டாளம் போச்சு. ராஜா, துபாஷி தெய்வச்சிலையைப் பார்த்தார். "ஓய், நாலு பாஷை தெரிந்தவரே! அர்த்தம் சொல்லி இவனை வழிக்குக் கொண்டுவாரும்."

ஸ்டாவ்ரோவின் கைக்குழந்தைக்குப் பெயர் வைத்ததே தெய்வச்சிலைதான். அதைப் போய்த் துரத்துவதா? பாதிரியார் வீட்டுக்கு ஓடினார். பாதிரியார் தடித்த அகராதியைப் புரட்டி ஏதோ சொல்ல, துபாஷி சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

மறுநாள் சபை கூடியது.

"துரை அவர்களே, ஆதியில் மார்ஷலுக்கு என்னென்ன உண்டோ, அத்தனையும் உங்களுக்குச் செய்துவிடலாமா?"

"ஒன்றுகூடக் குறையக் கூடாது!"

"மகாராஜா முன்னால் சொல்லிவிட்டீர்கள். அப்புறம் மாறக் கூடாது."

"மாற மாட்டேன் ஐயா!"

துபாஷி கைதட்டினார். பட்டத்துக் குதிரை வந்து நின்றது. ஒரு கட்டுப் புல்லைத் தூக்கித் துரையின் கையில் கொடுத்தார்.

"என்ன இது?"

"பழைய நாளில் மார்ஷல் என்றால் குதிரைக்கு ஊழியம் செய்கிறவன். சேனைக்குத் தலைமை எல்லாம் பிற்பாடு வந்தது. வேண்டுமானால் பாதிரியாரைக் கேளுங்கள்." பாதிரியார் தலையாட்டினார். துபாஷி திரும்பினார். "ஸ்டாவ்ரோ, உன் பாஷையில் இப்போகோமோஸ். புரிகிறதா?"

"அடடே! முதலிலேயே சொல்லக் கூடாதா?" ஸ்டாவ்ரோ விறைப்பாக நின்று பளிச்சென்று ஒரு சலாம் வைத்தான். குதிரைக்கு!

"டேய், மார்ஷல் நானடா!" துரை கத்தினார்.

"மேலதிகாரிக்குத்தானே முதல் சலாம், துரை?"

சபை கொல்லென்று சிரித்தது. துரையின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. "இந்தப் பட்டமே எனக்கு வேண்டாம். கேப்டனே போதும். இவன் இங்கேயே இருந்து தொலையட்டும்!" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

ராஜா மோதிரத்தைக் கழற்றித் துபாஷியின் விரலில் போட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் துரையைக் கூப்பிட்டார்.

"கேப்டன், அந்தப் புல்லை மட்டும் போட்டுவிட்டுப் போம்! குதிரை காத்திருக்கிறது."