இரண்டு விரல் கிரீம்

மங்கையர்க்கரசி டீச்சருக்கு அந்த மடத்தில் எல்லாமே பிடித்திருந்தது, குருவின் முகப்பூச்சைத் தவிர.

கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது மடம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, கிணறு ஒன்று, வேப்பமரம் நாலு. குரு பொன்னுத்தாய் அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. டீச்சருக்கு ஐம்பத்தெட்டு. தலைமை ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நேரே இங்கே வந்து, தன்னைவிடப் பதினேழு வயது இளையவரின் காலில் விழுந்தவர். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. ஞானத்துக்குப் போய் வயசு சர்டிபிகேட் கேட்க முடியுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பொன்னுத்தாய் அம்மா பிறவியிலேயே தோலில் நிறம் இல்லாதவர். உடம்பு முழுக்க வெள்ளை. தலைமுடி சோளக்கதிர் நாரின் நிறம். வெளிச்சத்தில் கண் கூசும், நாலடி தள்ளி இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் தினமும் காலையில் மோர்ப்பானையோடு கண்மாய்க்குக் கிளம்பிவிடுவார். அங்கே மண் வெட்டும் பெண்களோடு கரையில் உட்கார்ந்து அவர்கள் குறையெல்லாம் கேட்பார். குடை கொண்டுபோவதென்னவோ உண்மை. போன கையோடு அதை யாராவது கைப்பிள்ளைக்காரியிடம் கொடுத்துவிடுவார்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு டியூபைப் பிதுக்கி, சுட்டுவிரல் நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கிரீம் எடுத்து முகத்தில் பூசிக்கொள்வார். தோல் காயாமல் இருக்கவும் வெயில் படாமல் இருக்கவும் டாக்டர் எழுதிக் கொடுத்தது. மழை மூட்டம் போட்ட நாளிலும் இது தப்பாது.

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தார் டீச்சர். முப்பத்தைந்து வருஷம் கேள்வி கேட்டே பழகிய வாய் ஒரு கேள்வியை எட்டு மாதம் அடக்கி வைத்ததே பெரிய தவம்தான். ஒன்பதாம் மாதம் கேட்டுவிட்டார்.

"அம்மா, உடம்பு நான் இல்லைன்னு நீங்கதானே சொல்லுதீங்க?"

"ஆமா."

"அப்போ இந்த முகம்?"

"அதுவும் நான் இல்லை."

"பிறகு இதுக்கு எதுக்குக் கிரீம்?"

"என்னோடதா இருந்தா எப்படியும் போகட்டும்னு விட்டிருப்பேன்" என்றார் அம்மா. "என்னோடது இல்லையே. அதான் பத்திரமா வச்சிருக்கேன்."

டீச்சருக்குத் திருப்தி இல்லை. விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் பாதி மார்க்தான் போட்டிருப்பார்.

அவருக்கு இது சும்மா ஒரு சந்தேகம் இல்லை. இன்னும் ஏழு நாளில் சித்திரைப் பௌர்ணமி. அன்றைக்கு அவருக்குக் காவிச் சேலை கொடுப்பதாகப் பேச்சு. அதை வாங்கிவிட்டால் வீடு கிடையாது, உறவு கிடையாது, போனை மடத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். டீச்சருக்கு இருந்த ஒரே உறவு மகள் நிறைமதி. அவளோடு பேசியே இரண்டு வருஷம் ஆயிற்று. குருவே ஒரு முகத்தைக் கட்டிக்கொண்டு அழுதால், எதை நம்பி அந்த ஒன்றையும் விடுவது?

"பிச்சம்மா, அவ மகளோட பேறுகாலத்துக்கு ஊருக்குப் போயிட்டா" என்றார் அம்மா. இத்தனை நாள் அவருக்குக் கூடமாட ஒத்தாசையாக இருந்தவள் பிச்சம்மா. "கண்ணாடியில பார்த்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. முகத்தைத் தடவிக் கண்டுபிடிச்சிருவேன், காதுக்கும் பிடரிக்கும் அவதான் பூசுவா. நாளையிலருந்து நீங்களே எல்லாத்தையும் பூசி விடுங்க, டீச்சர்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேதாந்தம் கேட்க வந்த இடத்தில் இதென்ன வேலை! ஆனால் குரு சொன்னதைத் தட்ட முடியுமா?

மறுநாள் கரும்பலகையைத் துடைக்கிற வேகத்தில் வேலையை முடித்தார். நெற்றியில் ஒரு இழுப்பு, கன்னத்துக்கு இரண்டு இழுப்பு, காதில் ஒரு தேய்ப்பு.

"ஆச்சா?" என்றார் அம்மா.

"ஆச்சு."

"சீக்கிரமா முடிச்சிட்டீங்களே."

சாயங்காலம் அம்மா திரும்பி வந்து கிணற்றடியில் குனிந்து முகம் கழுவியபோதுதான் டீச்சர் பார்த்தார். இடது காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வரைக்கும் மூன்று விரல் அகலத்துக்குத் தோல் செக்கச்செவேலென்று கன்றிப்போயிருந்தது. காலையில் அவருடைய விரல்கள் எந்த இடத்தில் நின்றன என்பது கோடு கிழித்தமாதிரி தெரிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் சிவப்பு.

டீச்சர் துண்டை எடுத்து நீட்டினார்.

"எரியுதாம்மா?"

"எரியத்தான் செய்யும்."

"என்னைத் திட்டுங்கம்மா."

"எதுக்கு? நாளைக்கும் நீங்கதானே பூசணும். பயந்த கை இன்னும் வேகமால்லா ஓடும்."

மறுநாள் டீச்சர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கன்றின இடத்துக்குக் கற்றாழைச் சோறு வைத்துத் துணியால் மூடி, மற்ற இடத்துக்குக் கிரீம் எடுத்தார். நெற்றி, புருவத்தின் ஓரம், மூக்கின் இரண்டு பக்கம், தாடைக்கு அடியில் என்று விரல் ஒவ்வோர் இடமாக நின்று போனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தார். வெயில் தின்ற தழும்புகள் கன்னத்தில் இரண்டு இருந்தன. எட்டு மாதமாகத் தினமும் பார்த்த முகம். டீச்சர் அவற்றை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

இன்னொருத்தர் முகத்தை இவ்வளவு நேரம் தொட்டு எத்தனை வருஷமாயிற்று? நிறைமதிக்கு ஏழு வயதில் அம்மை போட்டபோது வேப்பிலையால் வருடிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்ததெல்லாம் பொய் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்கத்தான்.

"எனக்கு ஒரு மகள் இருக்காம்மா."

"வந்த அன்னைக்குச் சொன்னீங்க. அதுக்கப்புறம் சொல்லவே இல்லை."

"சர்வேயரா இருக்கா. நாலு வழிச் சாலை போடுற இடத்துல நின்னு அளக்கிற வேலை. பகல் பூரா வெயில்தான். முகத்துல கருப்பா மங்கு விழுந்துட்டு. டாக்டரைப் பார்த்து இதே மாதிரி ஒரு கிரீம் வாங்கிட்டு வந்தா. தினமும் கண்ணாடி முன்னால நிப்பா. எனக்குப் பொறுக்கலை. ரோட்டுல நிக்கிறவளுக்கு எதுக்குடி இந்தச் சிங்காரம், முகத்தைப் பார்க்கிற நேரத்துல மனசைப் பாருன்னு சொல்லி, டியூபைப் பிடுங்கிக் குப்பையில போட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. குப்பையிலருந்து அதை எடுத்துத் துடைச்சா. உடுப்பெல்லாம் எடுத்து வச்சா. போயிட்டா."

அம்மா மூடியிருந்த கண்ணைத் திறந்தார்.

"மங்கு எந்தக் கன்னத்துல?" என்று கேட்டார்.

டீச்சர் வாயைத் திறந்தார். வலது என்று சொல்ல வந்தார். இடதாகவும் இருக்கலாம். இரண்டிலுமா? மூக்கின்மேலும் இருந்ததோ? தன்னிடம் படித்த பிள்ளைகளின் கையெழுத்தை இன்றைக்குக் காட்டினாலும் பெயரைச் சொல்லிவிடுவார். பெற்ற மகளின் முகத்தை மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்தினால், கோபமாக இருக்கிற கண் மட்டும்தான் வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"வலது காது பாக்கி இருக்கு, டீச்சர்" என்றார் அம்மா.

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டீச்சரும் எடுக்கவில்லை. நாலு நாளும் காலையில் பூசிவிட்டார். நாலு நாளும் சாயங்காலம் அம்மாவின் காதுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். புதிதாக எங்கும் சிவக்கவில்லை.

பௌர்ணமி வந்தது. பலகையின்மேல் காவிச் சேலை மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் மடத்துப் பெட்டி திறந்திருந்தது. டீச்சர் குளித்து முழுகி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து மண்டியிட்டார்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன்மா. சேலையைக் கொடுங்க" என்றார். போன் மட்டும் கையிலேயே இருந்தது.

அம்மா மடியிலிருந்து ஒரு டியூபை எடுத்தார். இன்னும் மூடி திறக்காதது. அதை டீச்சரின் கையில் வைத்தார்.

டீச்சருக்குப் புரிந்தது. டியூபைப் பார்த்தார். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார்.

"உங்களுக்கு யாரும்மா பூசுவா?"

"பிச்சம்மா மத்தியானம் வந்துருவா. அவளுக்குப் பேத்தி பிறந்திருக்கு. அதுவரைக்கும் நான் எங்கேயும் போகலை."

"சேலை?"

"இங்கேதான் இருக்கும்."

டீச்சர் எழுந்திருக்கவில்லை. டியூபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மாணவர்கள் யாரும் பார்த்திராத விதமாகக் கண்ணீர் தாடையில் சொட்டியது.

"இவ்வளவும் பண்ணிட்டு இப்போ போய் நின்னா, நிறைமதி என்னைப் பக்கத்துல விடுவாளாம்மா?"

"தெரியாது, டீச்சர்" என்றார் அம்மா. "ஆனா பக்கத்துல போனாத்தான் எந்தக் கன்னம்னு தெரியும்."